கேட்டுக் கற்ற மேதை

லண்டன் மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 16 மைல் தூரத்தில், அந்நாளில் கெண்ட் ஜில்லாவைச் சேர்ந்திருந்த சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே, டௌன் என்றொரு சிற்றூர் உண்டு. 1842ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மனைவி எம்மாவோடும் குழந்தைகளோடும் அவ்வூரில் குடிபுகுந்த சார்லஸ் டார்வின், 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அதே இல்லத்தில் உயிர் நீத்தார். இளமையில் பீகிள் என்னும் கப்பலேறி ஐந்தாண்டுக் காலம் உலகைச் சுற்றிவந்த அம்மனிதர், கரை திரும்பிய பின்னர் பிரிட்டனை விட்டு ஒரு நாளும் வெளியே சென்றாரில்லை. வயிற்றுக் கோளாறும் வாந்தியும் தலைச்சுற்றலும் அவரை ஆயுளின் பெரும்பகுதி வாட்டின; விருந்தினரோடு சற்று அதிக நேரம் உரையாடினாலே இரவுத் தூக்கம் கெட்டுவிடும். ஆயினும், பாரசீகத்துப் புறாவும், மடகாஸ்கர் மலரும், இலங்கை யானையும், பிரேசில் நாட்டுச் செடிகொடிகளும் அவருடைய நூல்களில் வரிசையாக வந்து நின்று சாட்சி சொல்கின்றன. வீட்டை விட்டு அதிகம் நகராத நோயாளி ஒருவர் உலகம் முழுவதையும் தம் மேசைக்கு வரவழைத்தது எவ்வாறு என்று ஆராயப் புகுந்தால், அது இரண்டு பழக்கங்களில் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்: அவர் ஓயாமல் கடிதம் எழுதினார், ஓயாமல் படித்தார். இவ்விரண்டையும் அவர் ஒரே நோக்கத்தோடு செய்தார் என்பதும், தாம் அறியாததை அறிந்தவர் எவராயினும் அவரிடம் பணிவோடு கேட்டுப் பெறுவதே அந்நோக்கம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

டார்வின் டௌனுக்கு வந்து சேர்ந்த காலம் இத்தகைய வாழ்க்கைக்கு மிகவும் இசைவான காலம். அதற்குச் சற்று முன்புவரை, பிரிட்டனில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கூலி கொடுக்க வேண்டியிருந்தது. அக்கூலியும் தூரத்தைக் கணக்கிட்டும் தாள்களை எண்ணியும் விதிக்கப்பட்டமையால், எளியோருக்குக் கடிதம் என்பது எட்டாத பொருளாகவே இருந்தது. ரோலண்ட் ஹில் என்பவர் இடைவிடாமல் வாதாடியதன் பயனாக, 1840ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் முதல், அரை அவுன்சு எடையுள்ள கடிதம் அத்தீவுகளின் எந்த மூலைக்கும் ஒரே பென்னியில் போய்ச் சேரும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அஞ்சல் தலையும் பிறந்தது. பிரபுவும் தோட்டக்காரரும், சர்வகலாசாலைப் பேராசிரியரும் புறா வளர்ப்பவரும் ஒரே விலைக்கு ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள வழி திறந்தது. கடல் கடந்த கடிதங்களுக்கோ, சாம்ராஜ்யத்தின் கப்பல்களும் தூதரகங்களும் தாவரத் தோட்டங்களும் துணை நின்றன. இந்த வசதிகளைத் தனியொரு மனிதர் விஞ்ஞானத்தின் பொருட்டு டார்வினைப் போல் பயன்படுத்திக்கொண்டதற்கு வேறு உதாரணம் காண்பது அரிது. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய கடிதப் போக்குவரத்து, அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக, ஏறத்தாழ 15,000 கடிதங்களைக் கொண்டது. அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்.

அவருடைய வாழ்க்கையின் திசையை நிர்ணயித்ததே ஒரு கடிதம்தான். கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்துப் பாதிரியாராகும் எண்ணத்தோடிருந்த 22 வயது இளைஞருக்கு, 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அவருடைய ஆசிரியரும் தாவர சாஸ்திரப் பேராசிரியருமான ஹென்ஸ்லோ ஒரு கடிதம் எழுதினார். தென் அமெரிக்கக் கரையோரங்களை அளக்கப் புறப்படும் கப்பலில் இயற்கை நூல் பயின்ற ஒருவருக்கு இடமிருக்கிறது என்பதே அதன் செய்தி. தந்தையார் ராபர்ட் டார்வின், இது வீண் வேலை என்றும் பிற்காலத்தில் மகனின் மதிப்புக்கே குறைவு தரும் என்றும் கருதித் தடுத்தார். ஆனால், விவேகமுள்ள ஒருவரேனும் போகலாம் என்று சொல்வாராயின் தாமும் இசைவதாக ஒரு வாக்கும் கொடுத்தார். டார்வின் தம் மாமன் ஜோசயா வெட்ஜ்வுட்டின் இல்லத்துக்குச் சென்று, தந்தையாரின் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் காட்டினார். மாமனும் அவற்றுக்கு வரிசைக்கிரமமாக விடை எழுதி அனுப்ப, தந்தையார் மனம் மாறினார். ஓர் அழைப்பு, ஓர் ஆட்சேபப் பட்டியல், அதற்கொரு விடை என்னும் இம்மூன்று காகிதங்கள் இல்லையாயின், உலகம் ஒரு கிராமத்துப் பாதிரியாரைப் பெற்றிருக்குமேயன்றி டார்வினைப் பெற்றிராது.

கப்பலில் அவருக்கு ஒதுக்கப்பட்ட அறை, பின்தளத்திலிருந்த சிறு அறை. வரைபட மேசையும் புத்தக அலமாரிகளும் நிறைந்த அவ்வறையில் ஏறத்தாழ 400 நூல்கள் இருந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே அவர் கடலில் சென்ற காலமெல்லாம் ஒரு நூலகத்துக்குள்ளேயே உறங்கி விழித்தார் எனலாம். பூமி சாஸ்திர அறிஞர் லயல் இயற்றிய நூலின் முதல் தொகுதியைக் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் அவருக்கு அன்பளிப்பாகத் தந்தார். இரண்டாம் தொகுதி தென் அமெரிக்காவின் மாண்டிவீடியோ துறைமுகத்தில் தபாலில் வந்து அவரை அடைந்தது. கரையிறங்கி உள்நாட்டுக்குப் பயணம் செய்யும்போது ஒரே ஒரு நூலை மட்டும் எடுத்துச் செல்ல இயலுமாயின், அவர் மில்டனின் காவியத்தையே தேர்ந்தெடுத்தார். ஹென்ஸ்லோவுக்கு அவர் எழுதிய கடிதங்களிலிருந்து சில பகுதிகளை, அவர் அறியாமலே ஆசிரியர் தொகுத்து, 1835ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் தத்துவ சங்கத்தில் வாசித்து, சிறு பிரசுரமாகவும் அச்சிட்டு வழங்கினார். எனவே, 1836ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் டார்வின் தாய்நாட்டுக் கரையில் கால் வைத்தபோது, அவருடைய கடிதங்கள் அவருக்கு முன்னரே வந்து, விஞ்ஞானிகளிடையே அவர் பெயரை நிலைநாட்டியிருந்தன.

டௌன் இல்லத்தில் அவருடைய நாள் கடிகாரத்தின் முள்ளைப் போல் ஒழுங்காகச் சென்றது. அதிகாலையில் எழுந்து சிறிது உலவி, தனியே காலையுணவு கொண்டு, எட்டு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேலை செய்வார். பின்னர்க் கூடத்துக்கு வந்து தபாலைப் பார்ப்பார். குடும்பக் கடிதங்களைச் சோபாவில் சாய்ந்தபடி ஒருவர் படிக்கக் கேட்பார். மறுபடியும் வேலை, நடைபாதையில் உலாவல், பகலுணவு, பத்திரிகை வாசிப்பு. அதன்பின் பதில் எழுதும் நேரம். கணப்படுப்பின் அருகே போட்ட பெரிய நாற்காலியில் அமர்ந்து, அதன் இரு கைகளின் மீதும் குறுக்காக ஒரு பலகையை வைத்துக்கொண்டு, அப்பலகையின் மேல் தாளை விரித்து எழுதுவார். நீண்ட கடிதமாயின், பழைய கையெழுத்துப் பிரதிகளின் பின்புறத்திலோ அச்சுப்படிகளின் பின்புறத்திலோ முதலில் ஒரு வரைவு எழுதி, அதைப் பார்த்து மற்றொருவரைப் பிரதி எடுக்கச் சொல்வதும் உண்டு. பொருளற்ற கேள்வி கேட்டு எழுதுபவர்களுக்கும், தொந்தரவு செய்பவர்களுக்கும்கூட அவர் பதில் எழுதாமல் விட்டதில்லை. எழுதாவிட்டால் அது தம் மனச்சாட்சியை உறுத்தும் என்பார். அயல்நாட்டாருக்குப் போகும் கடிதமாயின், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர் படிக்க வேண்டியதென்பதை நினைவூட்டி, எழுத்துக்களைத் தெளிவாக எழுதும்படி பிரதி எடுக்கும் மகனிடம் சொல்வார். இத்தகைய சிறு கவனங்களில்தான் ஒரு மனிதரின் பண்பாடு புலப்படுகிறது.

அவர் கடிதங்களின் உயிர்நாடி கேள்வியே. 1846ஆம் ஆண்டு தொடங்கி எட்டு ஆண்டுகள், பாறைகளிலும் கப்பலடிகளிலும் ஒட்டி வாழும் கொட்டலசு இனங்களை அவர் ஆராய்ந்தபோது, பல நாட்டுக் காட்சிசாலைகளும் தனிப்பட்ட சேகரிப்பாளர்களும் தங்கள் அரிய மாதிரிகளைத் தபால் மூலம் அவருக்கு இரவலாக அனுப்பினர். அடுத்து அவர் புறாக்களின் பக்கம் திரும்பினார். விசிறிவால் புறா, கரணமடிக்கும் புறா, தொண்டையை ஊதிப் பருக்கும் புறா முதலிய எல்லா வகைகளும் ஒரே மாடப்புறாவின் வம்சமே என்று நிறுவ வேண்டுமாயின், பல தேசத்துப் புறாக்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். லண்டனில் புறா வளர்ப்போர் சங்கங்களில் தாமே உறுப்பினராகச் சேர்ந்து, அங்கு வரும் எளிய தொழிலாளிகளோடு சமமாக அமர்ந்து பேசினார். கோழி, புறா வளர்ப்பில் நிபுணராகிய டெகெட்மையரோடு பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து நடத்தினார். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்துக் காட்சிசாலையின் காப்பாளராயிருந்த எட்வர்ட் பிளைத், இந்தியாவின் வீட்டு விலங்குகளைப் பற்றியும் காட்டு விலங்குகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக அவருக்கு எழுதினார்.

இவ்விடத்தில் நம் நாட்டோடு நேரான தொடர்பு ஒன்றும் உண்டு. சென்னை அரசாங்கத்தில் உயர் பதவி வகித்தவரும், அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொணர்ந்தவரும், தென்னிந்திய நாணயங்களைப் பற்றி ஆராய்ந்து நூல் இயற்றியவருமான வால்டர் எலியட்டுக்கு, 1856ஆம் ஆண்டு ஜனவரி மாதம் டார்வின் கடிதம் எழுதி, இந்தியப் புறாக்களின் தோல்களைப் பதப்படுத்தி அனுப்பி உதவுமாறு வேண்டினார். அவ்வாறே அவை கடல் கடந்து டௌனுக்குச் சென்றன. 1859ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் வெளியாகி உலகச் சிந்தனையையே மாற்றிய ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலின் முதல் அத்தியாயத்திலேயே, இந்தியாவிலிருந்து புறாத்தோல்கள் அனுப்பிய எலியட்டுக்கும், பாரசீகத்திலிருந்து அனுப்பிய மரேக்கும் ஆசிரியர் நன்றி பாராட்டியிருப்பதைக் காணலாம். நம் ஊர்ப் புறாக்களும் அந்த மாபெரும் வாதத்தில் சாட்சி சொல்லியிருக்கின்றன என்பதை எண்ணும்போது உள்ளம் மகிழ்கிறது. அவற்றைப் பிடித்தும் வளர்த்தும் கொடுத்த எளிய மக்களின் பெயர்கள் அந்நூலில் இடம்பெறவில்லை என்பதை எண்ணும்போது வருத்தமும் உண்டாகிறது.

1867ஆம் ஆண்டில், மனித உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதம் எல்லா இனத்தாருக்கும் பொதுவானதா என்று அறிய விரும்பி, கேள்விகள் அடங்கிய தாள் ஒன்றைத் தயாரித்துப் பல தேசங்களுக்கும் அனுப்பினார். வியப்பில் கண்கள் அகல விரிகின்றனவா, நாணத்தில் முகம் சிவக்கிறதா, மறுப்பதற்குத் தலையை எவ்வாறு அசைக்கிறார்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு, பாதிரிமார்களிடமிருந்தும் அதிகாரிகளிடமிருந்தும் குடியேறியவர்களிடமிருந்தும் 36 விடைகள் வந்தன. அதே ஆராய்ச்சியில், யானை கண்ணீர் விடுமா என்ற வினாவும் எழுந்தது. இலங்கையில் பிடிபட்டுக் கட்டுண்ட யானைகள் கண்ணீர் உகுத்ததாக எமர்சன் டென்னண்ட் தம் நூலில் எழுதியிருந்தார். டார்வின் அதைப் படித்ததோடு நிற்கவில்லை. அவர் வேண்டுகோளுக்கிணங்க, இலங்கையிலிருந்த கிளெனி பாதிரியார் வேறு சிலரோடு சென்று, புதிதாகப் பிடிபட்ட யானைக் கூட்டம் ஒன்றை உற்று நோக்கினார். யானைகள் உரக்கப் பிளிறின. ஆனால் கண்களைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்கவுமில்லை, கண்ணீர் வரவுமில்லை. யானை அழுது தாங்கள் கண்டதே இல்லை என்று அந்நாட்டு வேட்டைக்காரர்களும் சொன்னார்கள். லண்டன் மிருகக்காட்சிசாலையின் யானைக் காவலரோ, குட்டியைப் பிரிந்த கிழட்டு யானையின் முகத்தில் கண்ணீர் வழியக் கண்டதாக உறுதி கூறினார். டென்னண்டின் கூற்றை நம்பும் பக்கமே டார்வின் சாய்ந்தார். எனினும், அதற்கு முரணான இலங்கைச் செய்தியையும், வேட்டைக்காரர்களின் சொல்லையும் மறைக்காமல் 1872ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் அச்சிட்டார்.

தபால் அவருக்குக் கேள்விகளையும் கொண்டுவந்தது. 1862ஆம் ஆண்டு ஜனவரியில், ஆர்க்கிட் வளர்ப்பதில் புகழ்பெற்ற ஜேம்ஸ் பேட்மன் என்பவரிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. அதில் மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த நட்சத்திர வடிவமான வெண்ணிற மலர்கள் இருந்தன. மலரின் அடியிலிருந்து சாட்டையைப் போல் தொங்கிய தேன்குழாய் ஏறத்தாழ ஓரடி நீளம். அதன் அடிமுனையில் மட்டுமே சிறிது தேன். இத்தேனை உறிஞ்சவல்ல, 10 அல்லது 11 அங்குல நீளமுள்ள உறிஞ்சுகுழலைக் கொண்ட அந்துப்பூச்சி ஒன்று அத்தீவில் இருந்தாக வேண்டும் என்று அவர் அவ்வாண்டே எழுதினார். அத்தகைய பூச்சியை 1903ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் விவரித்தனர். அப்போது அவர் மறைந்து 21 ஆண்டுகள் கடந்திருந்தன.

பெறுவதில் மட்டுமன்றிக் கொடுப்பதிலும் அவர் தாராளமானவர். மான்செஸ்டர் நகரில் பெண்களுக்கென ஓர் இலக்கியச் சங்கத்தைத் தொடங்கிய லிடியா பெக்கர், அங்கு வாசிப்பதற்கு ஒரு கட்டுரை கேட்டு எழுதியபோது, கொடிகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை மகிழ்ச்சியோடு அனுப்பினார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து மேரி ட்ரீட் என்னும் பெண்மணி பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி எழுதியவற்றைச் சக விஞ்ஞானி ஒருவரின் கண்டுபிடிப்பாகவே மதித்து, பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பிரேசிலில் வாழ்ந்த ஜெர்மானிய இயற்கை நூலறிஞர் ஃபிரிட்ஸ் முல்லரை அவர் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. ஆயினும், 1880ஆம் ஆண்டில் முல்லர் வெள்ளத்தில் சிக்கிப் பிழைத்தார் என்ற செய்தி கிட்டியதும், புத்தகங்களோ கருவிகளோ சேதமாகியிருந்தால் அவற்றை வாங்க 100 பவுன் அனுப்பத் தமக்கு அனுமதி வேண்டும் என்று முல்லரின் சகோதரருக்கு எழுதினார்.

இனி அவருடைய வாசிப்பை நோக்குவோம். புத்தகத்தைப் பூஜைக்குரிய பொருளாக அவர் கருதியதில்லை. அது அவருக்கு வேலைக்கான கருவி. கையில் தாங்க முடியாத கனமான நூலாயின், நடுவில் இரண்டாக வெட்டிவிடுவார். லயலின் நூலொன்றை அவ்வாறு வெட்ட நேர்ந்ததை அவரிடமே சொல்லி, அடுத்த பதிப்பை இரண்டு தொகுதிகளாக வெளியிடச் செய்ததில் அவருக்குப் பெருமையும் உண்டு. சிறு பிரசுரங்களில் தமக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றைக் கிழித்தெறிவார். ஹெர்மன் முல்லர் மலர்களைப் பற்றி எழுதிய ஜெர்மன் நூல், அடிக்கடி புரட்டியதால் தாள் தாளாகப் பிரிந்துபோக, அதன் முதுகில் ஓர் உலோகக் கவ்வியை மாட்டிக் காப்பாற்றினார். ஆனால் இந்த நூல்களை அவர் படித்த முறையைப் பார்த்தால், அவற்றின் உள்ளீட்டுக்கு அவர் காட்டிய மரியாதை எத்தகையது என்பது விளங்கும். படிக்க வேண்டிய நூல்களுக்கென ஓர் அலமாரித் தட்டு இருந்தது. அது எப்போதும் நிரம்பி வழியும். படிக்கும்போது முக்கியமான வரிகளுக்கு எதிரே பென்சிலால் கோடிடுவார். கோடிட்ட பக்கங்களின் எண்களை நூலின் இறுதித் தாளில் பட்டியலாக எழுதுவார். ஒன்றும் பயன்படாத நூலாயின் ஒரு சுழியம் இட்டு மூடிவிடுவார். பின்னர் மற்றொரு தட்டுக்கு மாறும் அந்நூலை மீண்டும் எடுத்து, கோடிட்ட இடங்களை மட்டும் பார்த்துச் சுருக்கக் குறிப்பு எழுதுவார். இக்குறிப்புகள் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டு, பெயர் ஒட்டிய தட்டுகளிலிருந்த 30 அல்லது 40 பெரிய உறைகளுக்குள் சென்று சேரும். புதிய நூலொன்றை எழுதத் தொடங்கும்போது, உரிய உறைகளைத் திறந்தால், பல ஆண்டு வாசிப்பின் சாரம் அவர் முன்னே விரிந்து கிடக்கும். ஜெர்மன் மொழியில் அவருக்குப் புலமை இல்லை. எனினும் அம்மொழியில் வெளிவந்த ஆராய்ச்சிகளை விட்டுவிட மனமின்றி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளுக்குச் சில வரிகளாக முட்டி மோதிப் படித்தார்.

இந்தக் குறிப்பெழுதும் பழக்கத்துக்குள் ஓர் அறம் இருந்தது. தம் கொள்கைக்கு முரணான செய்தி எதுவாயினும், அதைக் கண்ட அக்கணமே எழுதி வைத்துவிட வேண்டும் என்பதை அவர் பொன்னான விதியாகக் கொண்டிருந்தார். சாதகமான செய்திகள் நினைவில் தங்கிவிடும், பாதகமானவை எளிதில் நழுவி மறைந்துவிடும் என்பதை அவர் தம் அனுபவத்தில் கண்டிருந்தார். இலங்கை வேட்டைக்காரர்களின் சொல் 1872ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றதும் இவ்விதியின் பயனே. பிற்காலத்தில் எதிரிகள் எழுப்பிய ஆட்சேபங்களுள் அவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து விடை தேட முயலாதவை மிகச் சிலவே என்று அவர் சொல்ல முடிந்ததற்கும் இதுவே காரணம். 1838ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பொழுதுபோக்காக எடுத்துப் படித்த மால்தூஸின் மக்கட்தொகை பற்றிய நூல், இயற்கைத் தேர்வு என்னும் கருத்தை அவர் உள்ளத்தில் உருவாக்கியது என்பர். அதே நூலை நூற்றுக்கணக்கானோர் படித்திருக்கிறார்கள்; கேள்வியோடு காத்திருந்த உள்ளத்துக்கே அது விடை கொடுத்தது.

கருத்து உருவான பின்னும் இருபது ஆண்டுகள் அவர் அதை வெளியிடவில்லை. கடிதங்களிலேதான் அது முதலில் மூச்சு விட்டது. 1844ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், தாவர நூலறிஞர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதியபோது, உயிரினங்கள் மாறாதவையல்ல என்று தாம் நம்பத் தொடங்கியிருப்பதை, கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்பவரின் நடுக்கத்தோடு தெரிவித்தார். இருவருக்குமிடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் ஏறத்தாழ 1,400 கடிதங்கள் இன்று உள்ளன. ஹூக்கர் டௌனுக்கு விருந்தினராக வந்தால், காலையுணவுக்குப் பின் அரைமணி நேரம் தம் அறையில் அமர்த்தி, கேள்விகள் எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை கேட்பது டார்வினின் வழக்கம். அதே 1844ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எம்மாவுக்கு எழுதிய மற்றொரு கடிதத்தில், தாம் திடீரென்று இறக்க நேர்ந்தால், தம் கொள்கையை விளக்கும் கையெழுத்துப் பிரதியை 400 பவுன் செலவிட்டுத் தகுந்த ஒருவரைக் கொண்டு பதிப்பிக்குமாறு வேண்டினார். கோடிட்டும் பக்க எண் குறித்தும் வைத்த தம் நூல்கள் அனைத்தையும் அப்பதிப்பாசிரியரிடம் ஒப்படைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். ஒரு மனிதர் தம் மரண சாசனத்தில் பென்சில் கோடுகளையும் சொத்தாகச் சேர்த்திருக்கிறார் என்பதிலிருந்து, அக்கோடுகளில் அவருடைய அறிவு எவ்வளவு தங்கியிருந்தது என்பது தெளிவாகும்.

1858ஆம் ஆண்டு ஜூன் மாதம் வந்த ஒரு தபால் இந்த அமைதியைக் குலைத்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து வாழ்ந்த ஆல்ஃபிரட் வாலஸ் அனுப்பிய கட்டுரையில், இயற்கைத் தேர்வுக் கொள்கை அப்படியே வடிக்கப்பட்டிருந்தது. வாலஸுக்கும் அதற்குத் தூண்டுகோலாக நின்றது மால்தூஸின் நூலே. தம் இருபதாண்டு உழைப்பின் முதன்மை பறிபோவதை உணர்ந்தும், டார்வின் அக்கட்டுரையை மறைக்கவில்லை. லயலுக்கு அனுப்பி, முறையானது எதுவோ அதைச் செய்யுமாறு கேட்டுக்கொண்டார். அந்நாட்களில் வீட்டில் செங்காய்ச்சல். கைக்குழந்தை சார்லஸ் ஜூன் 28ஆம் நாள் மாண்டது. லயலும் ஹூக்கரும் முன்னின்று, ஜூலை முதல் நாள் லின்னேயன் சங்கத்தில் வாலஸின் கட்டுரையோடு டார்வினின் எழுத்துக்களையும் சேர்த்து வாசிக்கச் செய்தனர். டார்வினின் பங்காக அங்கு வாசிக்கப்பட்டவற்றுள் ஒன்று, அமெரிக்கத் தாவர நூலறிஞர் ஆசா கிரேக்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் அவர் எழுதிய கடிதத்தின் பகுதி. தேதியிட்ட அக்கடிதமே அவருடைய சிந்தனை பழையது என்பதற்குச் சான்றாக நின்றது.

விஞ்ஞானம் ஓய்ந்த நேரங்களில் அவ்வீட்டில் வேறு வாசிப்பு நடந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் படுக்கையறைச் சோபாவில் சாய்ந்து, எம்மா படிக்க நாவல் கேட்பார். கேட்டுக்கொண்டே உறங்கிவிடுவதும் உண்டு. சோகமாக முடியும் நாவல்களைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இளமையில் மில்டனையும் வேர்ட்ஸ்வர்த்தையும் ஷேக்ஸ்பியரையும் விரும்பிக் கற்ற அவருக்கு, முதுமையில் கவிதையின் ஒரு வரியையும் படிக்க முடியாமல் போயிற்று. செய்திகளை அரைத்துப் பொது விதிகளைப் பிழியும் யந்திரமாகத் தம் மனம் ஆகிவிட்டதே என்றும், மீண்டும் வாழக் கிடைத்தால் வாரத்துக்கு ஒருமுறையேனும் கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் நியமமாகக் கொள்வேன் என்றும் அவர் சுயசரிதையில் வருந்துகிறார். ஆனால் அவ்வுள்ளம் வறண்டதன்று என்பதற்குக் குடும்பக் கடிதங்களே சாட்சி. 1851ஆம் ஆண்டு வசந்தத்தில், பத்து வயது மகள் ஆனி மால்வெர்ன் ஊரில் நோயுற்றுக் கிடந்தபோது, நிறைமாதக் கர்ப்பிணியான எம்மா டௌனில் தங்க நேரிட்டது. டார்வின் படுக்கையருகே இருந்து, குழந்தை பருகிய கஞ்சியையும் விட்ட மூச்சையும் கணக்கிட்டு நாள்தோறும் எழுதினார். ஏப்ரல் 23ஆம் நாள் எழுதிய கடிதம் அவள் இறந்த செய்தியைச் சுமந்து சென்றது. மணமான புதிதில், அவருடைய மத நம்பிக்கை தளர்வதைக் கண்டு கவலையுற்று எம்மா எழுதிய கடிதமொன்றை அவர் ஆயுள் முழுவதும் காத்து வைத்திருந்தார். தாம் அதைப் பலமுறை முத்தமிட்டு அழுததை, தம் மறைவுக்குப் பின் மனைவி அறிய வேண்டும் என்று அதன் அடியில் குறித்தும் வைத்தார்.

அவர் எழுதிய கடிதங்கள் பெற்றவர்களால் காக்கப்பட்டன. அவருக்கு வந்தவை அவ்வளவு பாக்கியம் செய்யவில்லை. கடைக்காரர்கள் ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பியைப் போன்ற கம்பிகள் சில அவரிடம் இருந்தன. வந்த கடிதங்களை அவற்றில் கோத்து வைப்பார். எல்லாக் கம்பிகளும் நிரம்பிவிட்டால், பழைய ஆண்டுகளின் கடிதங்களை உருவி எரித்துவிட்டு, காலியான கம்பிகளை மீண்டும் பயன்படுத்துவார். 1862ஆம் ஆண்டுக்கு முன் வந்தவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு சாம்பலாயிற்று. அதன்பின் பிறர் வற்புறுத்தலால் முக்கியமானவற்றைக் காக்கத் தொடங்கினார். எஞ்சியவற்றைத் தேடித் திரட்டிப் பதிப்பிக்கும் பணியை 1974ஆம் ஆண்டில் ஃபிரெடெரிக் பர்க்ஹார்ட் தொடங்கினார். 1985இல் முதல் தொகுதி வெளிவந்து, அண்மையில் 30 தொகுதிகளாக அது நிறைவெய்தியிருக்கிறது. பென்சில் கோடுகளும் ஓரக் குறிப்புகளும் கொண்ட அவருடைய நூல்களுள் பெரும்பாலானவை கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை நூலகத்தில் பத்திரமாக உள்ளன.

அவருடைய கடைசிக் கடிதத் தொடர்புகளுள் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1882ஆம் ஆண்டு பிப்ரவரியில், நார்தாம்ப்டன் நகரில் காலணித் தொழில் செய்துவந்த வால்டர் கிரிக் என்னும் இளைஞர், குளத்தில் பிடித்த நீர்வண்டு ஒன்றின் காலில் சிறு மட்டி ஒன்று கவ்விக்கொண்டிருந்ததாக எழுதினார். நன்னீர் உயிரினங்கள் ஒரு குளத்திலிருந்து மற்றொரு குளத்துக்கு எவ்வாறு பரவுகின்றன என்ற வினாவில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருந்த டார்வினுக்கு அது பேருவகை தந்தது. மட்டி எந்தக் காலைப் பற்றியிருந்தது என்பது போன்ற விவரங்களை உடனே கேட்டெழுதினார். கிரிக் வண்டையே தபாலில் அனுப்பிவைத்தார். அது இன்னும் சற்று உயிரோடிருக்கக் கண்ட கிழவர், துன்பமின்றி விரைவில் இறக்கட்டும் என்று, நறுக்கிய லாரல் இலைகள் இட்ட புட்டியில் அதை வைத்தார். அச்செய்தி ‘நேச்சர்’ பத்திரிகையில் ஏப்ரல் 6ஆம் நாள் வெளியாயிற்று; பதின்மூன்று நாட்களில் டார்வின் மறைந்தார். அந்த இளைஞரின் பேரரே, 1953ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட்சனோடு சேர்ந்து, பரம்பரையின் மூலப்பொருளான டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்த ஃபிரான்சிஸ் கிரிக்.

உலகப் புகழ் பெற்ற 73 வயது முதியவர், காலணி செய்யும் ஒருவரிடம், எந்தக் கால் என்று மாணவனைப் போல் கேட்டு எழுதினார் என்பதில் அவருடைய விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மேதைமை பிறவியில் வருவது, அதை நாம் பின்பற்ற இயலாது என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடலாம். ஆனால் அவருடைய பழக்கங்கள் எல்லோராலும் கைக்கொள்ளத் தக்கவை. அறிந்தவரைத் தேடிச் சென்று கேட்பதற்குக் குலமும் பதவியும் பாராதிருத்தல், கேட்டதற்கு நன்றி சொல்லுதல், எழுதிக் கேட்டவருக்கு விடை மறுக்காதிருத்தல், படித்ததைக் குறித்து வைத்தல், அக்குறிப்பில் தம் கருத்துக்கு எதிரானதற்கு முதலிடம் தருதல் ஆகிய இவற்றுக்குப் பெருஞ்செல்வமோ பெரிய ஆராய்ச்சிக்கூடமோ தேவையில்லை. நம் கல்லூரிகளில் பரிணாமக் கொள்கையை ஒரு பாடமாகக் கற்பிக்கிறோம். அக்கொள்கையை ஈன்றெடுத்த இப்பழக்கங்களையும் அதனோடு சேர்த்துக் கற்பிப்போமாயின், மாணவர்கள் டார்வினின் முடிவுகளை அறிவதோடு நில்லாமல், தாமே புதிய முடிவுகளைத் தேடும் ஆற்றலையும் பெறுவார்கள்.